உள்ளங்கையின் நிறம்

சந்தை வாசலில் சாவி வெட்டும் பெட்டிக்கடை வைத்திருந்தவர், வீட்டில் பொம்மை செய்வார். பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. உருவம் என்பார். ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம். கம்பியை வளைத்து எலும்பு. அதன்மேல் காய்ந்தால் இறுகுகிற களியைப் பிசைந்து அப்பிச் சதை. சாவிக்குப் பல் ராவுகிற அதே சின்ன அரங்களால்தான் மூக்கையும் முழங்காலையும் ராவுவார். சாப்பாட்டு மேசையில் ஜன்னலோரப் பாதி அவருடையது. மறுபாதியில் அவரும் மனைவியும் முழங்கை இடிக்கச் சாப்பிட்டார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்து கால் மாற்றி நிற்கிற பெண், செய்தித்தாளை மடித்து விசிறிக்கொள்கிற காவலாளி, ஏணிமேல் நின்று பல்பு மாட்டுகிறவர் என்று அலமாரி நிறைய உருவங்கள். எல்லாமே கருப்பு வெள்ளையில். முழு உருவத்துக்கும் முதலில் கருப்பு அடித்து, மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தால் எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் சாம்பலை ஏற்றி, கடைசியில் மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் ஒரு மயிரிழை வெள்ளை வைப்பார். பார்க்கிறவர்களுக்கு அந்தச் சின்ன ஆள் இப்போது திரும்பிவிடுவான் போலிருக்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே பித்துப் பிடித்த ஏழெட்டுப் பேர் ஒரு பல் டாக்டரின் மருத்துவமனை முன்னறையில் கூடுவார்கள். "நம்ம சாவிக்காரருக்குக் கலரே தேவையில்லை. அது அவரோட பாணி" என்று டாக்டர் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். சாவிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடிப்பார்.

பாணியெல்லாம் ஒன்றுமில்லை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இது அவருடைய மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் சிவப்புக் குடை கேட்டாள். அவர் இலைப்பச்சையில் ஒன்றை வாங்கி வந்து நீட்டினார். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று இரண்டு நாள் சமாளித்தவர், மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, உண்மையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இலைகளுக்கெல்லாம் செம்மண் நிறம் அடித்து வகுப்பே சிரித்ததையும் அன்றைக்குத்தான் சொன்னார். அவள் அந்தக் குடை கம்பி முறிகிற வரையில் அதையே பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய அழகுசாதனக் கடையில். முகப்பூச்சு வாங்க வருகிறவர்களின் நிறத்துக்குப் பொருந்துகிற புட்டியை எடுத்துக் கொடுக்கிற வேலை. பதினெட்டு வருஷமாக அதே இடம். கடையில் அவள் பெயர் ஷேடு அக்கா. வருகிறவர்கள் புறங்கையை நீட்டினால், "கை வெயில்ல போயிட்டு வந்திருக்கும்மா, தாடையைக் காட்டுங்க" என்பாள். மேலே தெரிகிற நிறத்தை அவள் நம்ப மாட்டாள். அடியில் மஞ்சள் ஓடுகிறதா, சிவப்பு ஓடுகிறதா, நீலம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புட்டியைத் தொடுவாள்.

அதே கடையில் பில் போடுகிற பெண்ணை எல்லோரும் நெட்டை என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. நல்ல கறுப்பு. கடையில் இருந்த எந்தப் புட்டியும் அவளுக்குச் சேரவில்லை. இருப்பதிலேயே அடர்த்தியானதைப் பூசினாலும் முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஷேடு அக்காதான் இரண்டு புட்டியைக் கலந்து, ஒரு சொட்டு நீலம் சேர்த்து, ஒரு பழைய மருந்துக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தாள். "இந்தக் கடையில உனக்குன்னு இருக்கிற ஒரே நம்பர். வேற யாருக்கும் விக்க மாட்டேன்" என்றாள். அன்று முதல் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை ஒன்றாகவே பிரித்தார்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, ஏணிமேல் நிற்கிற ஆளின் படத்தை ஷேடு அக்கா போனில் காட்டினாள். நெட்டை அதை இழுத்துப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, அண்ணாவால எங்கப்பாவைச் செய்ய முடியுமா?"

அவளுடைய அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கட்டடம் எழும்புகிற இடங்களில் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டுகிற வேலை அவருக்கு. மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே பேசுவது எதுவும் காதில் விழாது. அவனுக்கு எல்லாமே அந்தக் கைதான். முப்பது வருஷம் அந்த ஒரு கையை நம்பி இரும்பு உத்தரங்கள் ஏறி இறங்கியிருந்தன.

"படம் இருக்கில்ல?" என்று கேட்டாள் ஷேடு அக்கா.

"இருக்கு. வேலை செய்யற இடத்துல எடுத்தது ரெண்டு. உச்சி வெயில்ல எடுத்திருக்காங்க, தொப்பியும் பல்லும்தான் தெரியுது. இன்னொண்ணு மாட்டி வைக்கறதுக்காக ஸ்டுடியோவுல பெருசு பண்ணினது. அந்தாளு அப்பாவை வெளுத்து விட்டுட்டான். எங்கம்மா பார்த்துட்டு, 'யாருடி இது, உங்கப்பா ஆபீஸ் மேனேஜரா'ன்னு கேக்கறாங்க. அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கறாங்க." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கறுப்பு வெள்ளை வேணாம்க்கா. எங்கப்பா நிறம் வேணும். அம்மாவுக்குக் கொடுக்கணும்."

"செஞ்சு தரச் சொல்றேன்" என்று ஷேடு அக்கா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்த இலைப்பச்சைக் குடை நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"நீ யாரைக் கேட்டு ஒத்துக்கிட்ட?"

"யாரையும் கேக்கல. வாயில வந்துடுச்சு."

"எனக்குக் கலர் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்திருந்தா நீங்களும் ஒத்துக்கிட்டிருப்பீங்க."

அவர் அரத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நெட்டை அனுப்பிய படங்களைப் பார்த்துக் கம்பியை வளைக்க ஆரம்பித்தார். மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தானாக எடுத்த வேலையில் யாராவது 'அப்பாடா' என்று சொல்லிவிட்டால் அப்படியே வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரத்தில் உருவம் வந்துவிட்டது. கால்களை அகட்டி, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, அண்ணாந்து பார்த்து, வலது கையை உயரத் தூக்கி, நிறுத்து என்று காட்டுகிற ஆள். உள்ளங்கை முன்னால் விரிந்திருந்தது. கழுத்து நரம்பு கூடத் தெரிந்தது. வழக்கம்போல் கருப்பும் சாம்பலும் வெள்ளையும் ஏற்றினார். அதோடு நிறுத்தியிருந்தால் அலமாரியிலேயே அதுதான் முதல்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குக் கடை இருந்தது. தனியாக இருந்த சாவிக்காரர், ஒரு பிறந்தநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வாங்கிக் கொடுத்துப் பிரிக்காமலே கிடந்த வண்ணப் பெட்டியை எடுத்தார். புட்டிகளில் பெயர் ஒட்டியிருந்தது. படிக்கத்தானே வேண்டும், பார்க்க வேண்டியதில்லையே என்று நினைத்தார். பழுப்பு என்று எழுதியிருந்ததை எடுத்தார். வெளிச்சம் படுகிற இடத்துக்கு மஞ்சள் சேர்த்தார். நிழலுக்குக் கருப்பு சேர்த்தார். மஞ்சளில் கருப்பு விழுந்தால் பச்சை அடிக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும். மதியம் சாப்பிட மறந்து நான்கு மணி நேரம் செய்தார். முடித்து ஜன்னலோரம் வைத்தபோது அவருக்கே நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு வருஷம் வீணாகப் பயந்துவிட்டோம் என்று தோன்றியது.

மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இங்க வா" என்று கூப்பிட்டார்.

அவள் பார்த்தாள். கிணற்றுச் சுவர் மாதிரி ஒரு முகம். அதன்மேல் அத்தனை அழகாக வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி, மெதுவாக நாற்காலியில் மாட்டினாள்.

அவர் உருவத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சையா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

அவள் பொய் சொல்ல வாயைத் திறந்து, முடியாமல் மூடினாள். "பாசி."

அவர் உருவத்தைத் தூக்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவளும் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கண்ணீர் வருகிற மட்டும் சிரித்து முடித்ததும், அவர் எழுந்து உருவத்தை ஸ்பிரிட் இருந்த பாட்டிலுக்குள் போட்டு மூடினார். நிறம் கரைந்து நூல்நூலாக மேலே வந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட முடியாதுன்னு சொல்லிடு" என்றார். இப்போது குரலில் சிரிப்பு இல்லை.

"சொல்ல மாட்டேன். நீங்க சாம்பல் வரைக்கும் செய்யுங்க. மேல நான் அடிக்கறேன்."

"நீயா? நீ பிரஷ்ஷைப் பிடிச்சிருக்கியா?"

"ஒரு நாளைக்கு முப்பது மூஞ்சிக்கு அடிக்கறேன். நாலு விரல் உயரத்துல ஒரு மூஞ்சி அடிக்க மாட்டேனா?"

அவருடைய உருவங்களை அவர் தவிர யாரும் தொட்டதில்லை. அலமாரியைத் தூசி தட்டுவது கூட அவர்தான். அன்றிரவு சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "மொதல்ல பழைய உருவத்துல பழகு" என்றார்.

அது அவள் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதலில் அடித்தது தோசைமாவு மாதிரி அப்பிக்கொண்டு கண்ணையே மூடிவிட்டது. "தண்ணி விடு. இன்னும் விடு. பால் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கணும்" என்றார் அவர். "அடியில நான் போட்ட வெளிச்சம் உன் கலருக்குள்ள தெரியணும். மூடிடாத." பத்து நாள், கடையிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் பழகினாள். காவலாளி இரண்டு முறை நிறம் மாறினார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்து போயிற்று. அவர் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த விடுமுறை நாள் காலையில் நெட்டையை வரச் சொன்னார்கள். அப்பாவின் நிறம் அப்படியே தனக்கு என்று அவள் சொல்லியிருந்தாள். உள்ளே வரும்போது நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினாள். ஷேடு அக்கா வெள்ளைத் தட்டில் வண்ணங்களைச் சொட்டு வைத்தாள்.

"அக்கா, நீங்களா கலர் அடிக்கறீங்க? அண்ணாதானே…"

"அண்ணாவுக்குக் கடையில வேலை அதிகம், அதான்…" என்று ஷேடு அக்கா ஆரம்பித்தாள்.

"இல்லம்மா" என்றார் சாவிக்காரர். அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். "எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். உங்கப்பாவுக்கு ஒருவாட்டி நானே அடிச்சேன். பச்சையா வந்துடுச்சு. கழுவிட்டேன்."

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் இதை இன்னொரு ஆளிடம் சொல்லி மனைவி கேட்டதில்லை. அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நெட்டை சிரிக்கவில்லை. "அப்ப நான் உங்களுக்கு என்ன கலராத் தெரியறேன்ணா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். "கலருக்கு எனக்குப் பேர் சொல்லத் தெரியலம்மா. ஆனா நீ உள்ள வந்து உட்கார்ந்ததும் ஜன்னல் வெளிச்சம் நேரா உன் நெத்தியில வந்து உட்கார்ந்துச்சு. கன்னத்துல ஒரு கோடு, கீழ் உதட்டுல ஒரு புள்ளி. என் மூஞ்சியில எல்லாம் வெளிச்சம் அப்படி நிக்காது. வழிஞ்சு போயிடும். உங்கப்பா படத்துலயும் அதைத்தான் பார்த்தேன்."

நெட்டை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஷேடு அக்கா கலக்க ஆரம்பித்தாள். கருப்புப் புட்டியைத் தொடவே இல்லை. காவி எடுத்தாள், அதில் அடர்நீலம், மீண்டும் காவி, ஊசி முனையில் மஞ்சள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு பொட்டை எடுத்து நெட்டையின் முன்கையில் வைத்தாள். காய்ந்ததும் அந்தப் பொட்டு காணாமல் போக வேண்டும். அதுதான் கணக்கு. முதல் பொட்டு செங்கல்லாக நின்றது. இரண்டாவது மண்ணாக நின்றது. நான்காவது ஊதாப் பக்கம் போயிற்று. ஒவ்வொன்றும் காய்கிற வரையில் நெட்டை அப்பாவைப் பற்றிச் சொன்னாள். வேலையில் கையுறை போட மாட்டாராம். போட்டால் விரல் பேசாது என்பாராம். வீட்டிலும் 'போதும்', 'இங்க வா', 'கொஞ்சம் கீழே' எல்லாவற்றுக்கும் கைதானாம். "எனக்குக் காது கேக்காதுன்னு பக்கத்து வீட்டுல நினைச்சுட்டிருந்தாங்க" என்றாள்.

ஏழாவது பொட்டு காய்ந்தபோது ஷேடு அக்கா அதைத் தேடினாள். கையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் விளிம்பு தெரிந்தது. மூன்று பேரும் அந்தக் கைமேல் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"இதுதான் அப்பா" என்றாள் நெட்டை.

அந்த வாரம் முழுவதும் மாலையில் ஷேடு அக்கா அந்த நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து, சாம்பல்மேல் ஒரு படலம், காய்ந்ததும் இன்னொரு படலம் என்று ஏற்றினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து உருவத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது படலத்தில் அவர், "நெத்தி செத்துப் போச்சு" என்றார்.

"கலர் சரியா இருக்குங்க."

"கலர் சரியா இருக்கும். இங்க வானம் விழணும். வெட்ட வெளியில நிக்கற ஆளு. நீலம் மட்டும் எனக்கு நல்லாத் தெரியும், குடு." வெளிர்நீலத்தைத் தொட்டு நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் தோள் எலும்பிலும் மயிரிழையாக இழுத்தார். ஷேடு அக்கா குனிந்து பார்த்தாள். நெட்டை சொன்ன ஆள் இப்போதுதான் வெயிலில் வந்து நின்றார்.

"இத்தனை நாளா என் மூஞ்சியிலயும் வானத்தையெல்லாம் பார்த்துட்டுதான் இருந்தீங்களா?" என்றாள்.

"உன் மூஞ்சியில வேற பார்ப்பேன்" என்றார் அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே. "கோவமா இல்லையான்னு."

வாரக் கடைசியில் நெட்டை வந்து உருவத்தைக் கையில் வாங்கினாள். முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முன்கைமேல் நிறுத்திப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அழுவாள் என்று எதிர்பார்த்து ஷேடு அக்கா கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தாள். நெட்டை அழவில்லை. எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா? சொல்லு" என்றார் சாவிக்காரர்.

"ஒண்ணுமில்லண்ணா. ரொம்ப நல்லா இருக்கு."

"சொல்லு. ஏற்கெனவே ஒருவாட்டி கழுவின ஆளுதான்."

நெட்டை தன் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை அவர்களுக்கு நேரே விரித்தாள். "எங்கப்பா உள்ளங்கை இப்படி இருக்கும்."

இரண்டு பேரும் உருவத்தின் கையைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷமாக முகங்களின் தாடையைப் பார்த்தவளுக்கும், மயிரிழை வெளிச்சத்தைப் பிடிக்கிறவருக்கும் அது தோன்றவே இல்லை. உருவத்தின் முகமும் புறங்கையும் உள்ளங்கையும் ஒரே நிறத்தில் இருந்தன. கறுத்த விளிம்புக்கு நடுவே, விடிந்த மாதிரி வெளுத்து, ரேகைகள் மட்டும் கருத்து, நெட்டையின் உள்ளங்கை அவர்கள் முன்னால் விரிந்திருந்தது.

"அப்பா தூரத்துல நின்னா முகம் தெரியாது. இதுதான் தெரியும். கிரேன்காரங்களும் அதான் சொல்வாங்க. எவ்வளவு தூசியா இருந்தாலும் உங்கப்பன் கை பளிச்சுன்னு தெரியும்னு."

"கையை அப்படியே வச்சுக்க" என்றாள் ஷேடு அக்கா. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

செங்கல் பொடியில் பால் விட்ட மாதிரி ஒரு நிறம் அது. இரண்டாவது பொட்டிலேயே கிடைத்துவிட்டது. சாவிக்காரர் உருவத்தை இரண்டு விரலில் அசையாமல் பிடித்துக்கொண்டார். நெட்டை தன் கையை அதன் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். அரிசி அளவு இடம்; அதில் நிறத்தை வைக்க ஷேடு அக்காவுக்கு அரை மணி ஆயிற்று. ரேகையை அவர் போட்டார். "இந்தக் கோடு சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் வளையும்ணா" என்று நெட்டை சொல்லச் சொல்ல, அப்படியே வளைத்தார். கை கடுக்கிறதா என்று ஷேடு அக்கா கேட்டதற்கு, அவள் தலையை மட்டும் அசைத்தாள். அப்போதுதான் அழுதாள். கையை இறக்காமலே அழுதாள்.

மறுவாரம் மதியச் சாப்பாட்டின்போது நெட்டை நடந்ததைச் சொன்னாள். அம்மா முதலில் உருவத்தைத் தலைகீழாகப் பிடித்துச் செருப்பைப் பார்த்தாராம். பிறகு நிமிர்த்தி, "தொப்பையைக் குறைச்சுட்டாங்க" என்றாராம். பிறகு அந்த உள்ளங்கையைச் சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, சமையலறையில் ஃபிரிட்ஜ் மேலே, தான் உட்காருகிற முக்காலியைப் பார்த்து நிற்கிற மாதிரி வைத்துவிட்டார். நேற்றுக் காலையில் டீக்கு இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை அள்ளியவர் மேலே பார்த்தார். டாக்டர் ஒரு ஸ்பூன்தான் என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அம்மா யார் பேச்சையும் கேட்டதில்லை.

"'இருங்க, இன்னைக்கு மட்டும்'னு அப்பாகிட்டச் சொல்லிட்டுப் போட்டுக்கறாங்கக்கா" என்றாள் நெட்டை. "பத்து மாசம் கழிச்சு அப்பாகிட்டப் பேசின மொத வார்த்தை."

சாயங்காலம் ஷேடு அக்கா இதை வீட்டில் சொன்னபோது சாவிக்காரர் ஒரு பழைய பூட்டைப் பிரித்து வைத்திருந்தார். கேட்டு முடித்ததும் கையிலிருந்த திருகாணியைத் துடைத்து வைத்தார்.

"தொப்பை எவ்வளவு இருக்கும்னு கேட்டியா?"

"அதெல்லாம் இனி ஒண்ணும் பண்ண முடியாது, விடுங்க."

"வாங்கிட்டு வரச் சொல்லு. ஒரு நாள் வேலைதான்."

"அவங்க தர மாட்டாங்க" என்றாள் அவள். மேசையின் சாப்பாட்டுப் பாதியில் தட்டுகளை எடுத்து வைத்தாள்.